இரண்டாம் பாகத்தில் எனக்குக் கால்கள்

முதல் பாகத்தில் நீ எனக்குக் கால்கள் வரையவில்லை, சாம்பவி.
முழங்காலுக்குக் கீழே புகை.
பேய்க்கு நிலத்தில் கால் பாவாது என்று
உங்கள் கதையும் சொன்னது, ஜப்பான்காரர் கதையும் சொன்னது.
உனக்கும் வேலை மிச்சம்.

நீ போயே இராத ஒரு ஜப்பானிய ஊரின் ரயில் மேடை.
கடைசி வண்டி போனபிறகு நான் வருவேன்.
பள்ளிச் சீருடையில் சயோ காத்திருப்பாள்.
மழை என்மேல் படாது என்று தெரிந்தும்
குடையில் பாதியை எனக்குப் பிடிப்பாள்.
நூற்றெண்பது பக்கத்துக்கு ஒரேயொரு முத்தம்,
அதுவும் பூவிதழ்கள் மறைத்த முத்தம்.
எனக்கு அப்போது எவருடைய முகமும் இல்லை.
இரண்டு கண், சின்னக் கோடாய் மூக்கு,
நெற்றியில் விழும் மயிர். வடிவான வெறுமை.
செத்தவன் என்றாய், சரி என்றேன்.
சாவென்றால் என்னவென்று
உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு நான்கு வருடம் அலமாரியில்.

இப்போது மால்வர்ன் பக்கம் ஒரு பேஸ்மென்ட்.
சன்னலுக்கு வெளியே பனி அள்ளுகிறவனின் சப்பாத்துகள்.
ஒளிமேசை, சூடாகாத ஹீட்டர், மாதக் கடைசியில் கெடு.
"வாசகர்கள் வளர்ந்துவிட்டார்கள்,
கொஞ்சம் இருட்டாகப் போகலாம்" என்று
பதிப்பகத்துப் பெண் தொலைபேசியில் சொன்னபோது
நீ சிரித்தாய்.
மைப்போத்தலுக்குள் இருந்து கேட்டேன் அந்தச் சிரிப்பை.

மேடை இப்போது எல்ஸ்மியர்.
வண்டி நின்றுபோன பாதை, கம்பிவேலி,
இதழ்கள் விழுந்த இடமெல்லாம் பனி.
ஏறுவதற்கு முருங்கை இல்லாத ஊரில்
ஹைட்ரோ கம்பத்தில் ஏற்றினாய் என்னை.
பல் வைத்தாய், பொறுத்தேன்.
நகம் வைத்தாய், பொறுத்தேன்.
ஏழாம் பக்கத்தில் கால்கள் வைத்தாய்:
கறுத்த குளிர்காலச் சப்பாத்து, இடதில் லேஸ் அவிழ்ந்தபடி.
பிறகு தாடையில் ஒரு மச்சம்.
பிறகு புருவத்தில் பழைய வெட்டு.
பேர் சொல்லாமலே ஒருவனை
என்மேல் உடுத்திவிட்டாய்.

கௌசிகன்.
நானூற்றொன்று நெடுஞ்சாலை, கறுப்பு ஐஸ், விடியப்புறம்.
எங்கே வாசித்தேன் என்று கேட்காதே.
நீ கசக்கி எறிந்த தாள்களும் நான்தான்.

பலூனுக்குள் என்னை ஆங்கிலம் பேசவைக்கிறாய்.
இரவில் உன்னோடு நான் பேசுவது இந்த மொழியில்:
ஆசைக்கும் அதன் வருத்தத்துக்கும்
அணங்கென்று ஒரே சொல்லை
வாடகைக்கு விட்ட மொழியில்.

நூற்று நாற்பத்துமூன்றாம் பக்கம்.
சயோ வேலியேறி வருகிறாள்.
அவளுக்கும் மெல்ல மெல்ல உன் தோள்கள் வந்துவிட்டன.
குடை இல்லை.
நான் கையை நீட்டி
அவளை இந்தப் பக்கம் இழுக்கவேண்டும்.
வலமிருந்து இடமாய் ஓடும் கதையில்
முடிவு எப்போதும் இடக்கைப் பக்கம்;
உன் இடக்கை அந்த இடத்தைவிட்டு எழும்பவேயில்லை.

கேள், சாம்பவி.
அவன் உன்னைக் கூப்பிடவில்லை.
என்னிடமும் அவன் வரவில்லை,
அவனுடைய உடுப்பு மட்டும்தான் வந்தது.
செத்தவர்கள் வரும் வழி எனக்குத் தெரியாது.
நான் மை.

மூன்று மணிக்கு என் கையைக் கறுப்பாக்கி முடித்தாய்,
அப்படியே மேசையில் சரிந்தாய்.
காயாத விரல்கள்மேல் உன் கன்னம்.
மணிக்கட்டுவரை எல்லாம் இழுபட்டு
ஒரு சாம்பல் பட்டை.
நான் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.
தற்செயல் என்றும் சொல்லமாட்டேன்.

விடிகிறது. வெளியே மண்வெட்டி சிமெந்தை உரசுகிறது.
நிமிர்ந்து பக்கத்தைப் பார்க்கிறாய்,
கன்னத்தில் ஐந்து கறுப்புக் கோடுகளோடு.
இழுப்பதற்கு எனக்குக் கை இல்லை.
சயோ இன்னும் வேலியின் உச்சியில்,
ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே.

நீ வெள்ளை மையைத் திறக்கிறாய்.
பிழை திருத்துவதும் அதால்தான்,
பனி தூவுவதும் அதால்தான்.
தூரிகை நனைந்துவிட்டது.
தாளில் இன்னும் படவில்லை.