உயிர்ச் சான்று

நவம்பர் பிறந்தால் பரதராமி இ-சேவை மையத்தில்
என் வீட்டுக்காரர் உயிரோடிருப்பதை
மெஷினிடம் சொல்லியாக வேண்டும்.
வலது கட்டைவிரல். இல்லை.
இடது. இல்லை.
பையன் துணியால் துடைத்தான், எலுமிச்சை தேய்த்தான்,
என் தலையிலிருந்தே கொஞ்சம் எண்ணெய் தொட்டு வைத்தும் பார்த்தான்.
மீண்டும் முயற்சிக்கவும் என்றது.

சண்டையில் போன ரேகை என்று நினைத்துக்கொண்டான்.
அவரும் மறுக்கவில்லை.
எனக்குத் தெரியும்.
லே போகும் வழியில் ஒரு விடியற்காலை
டீசல் டேங்க் மூடியை வெறுங்கையால் திறந்தார்,
மூடியோடு தோலும் வந்தது.
டிரைவர் ஹவில்தார் கோதண்டராமுலு
பதினேழு வருடத்தில் சுட்டதெல்லாம் அட்டை மனிதர்களை.
மற்றபடி ஸ்டவ்வைப் பற்றவைத்து லாரிக்கு அடியில் தள்ளி
டீசல் இளகும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார்.
மேலே ஏற்றிப்போனதைச் சொல்வார்:
மாவு, மண்ணெண்ணெய், ஒருமுறை நானூறு ஜோடி உல்லன் சாக்ஸ்.
அந்த ஒரு வருடம் மட்டும்
இறங்கும்போது வண்டியில் என்ன இருந்தது என்று கேட்டால்
மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

வருடத்துக்கு அறுபது நாள் லீவு, ரயிலுக்கே எட்டு போய்விடும்.
விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன்,
கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில்
சேர்ந்து குடித்தனம் செய்தது இரண்டே வருடம்.
பெரியவன் இரண்டு லீவு வரைக்கும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டான்.

இப்போது மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கேட் வாட்ச்மேன்.
ஃபேக்டரி ஆந்திராவில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில்.
டிவிஎஸ்ஸில் தினமும் இரண்டு முறை எல்லை தாண்டுகிறார்,
தூக்கில் களியும் கடலைச் சட்னியும்.

போன ஆனியில் ஒரு ராத்திரி
தோத்தாபுரி லாரிக்கு எதிரே ஒற்றைக் கொம்பன்.
டிரைவர் குதித்து ஓடியே போனான்.
இவர் ஏறி, விளக்கை அணைத்து, ஹாரனைத் தொடாமல்
முக்கால் கிலோமீட்டர் பின்னாலேயே ஓட்டி வழிவிட்டார்.
"சோஜிலாவுல தினம் இதானே வேலை.
அங்க பள்ளம், இங்க புளியமரம்."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, குளிக்கப் போய்விட்டார்.

கடைசியாகக் கண்ணில் வைக்கும் மெஷினை எடுத்தான் பையன்.
"சிமிட்டாதீங்க சார்."
சார் எழுந்து குதிகாலைச் சேர்த்து விறைத்து நிற்கிறார்.
உட்காரய்யா என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.
பச்சை விழுந்தது.

பையன் என்னைப் பார்த்தான்.
"குடும்ப பென்ஷன்ல நாக் பூஷண், ஆண்னு இருக்கே?"
நாகபூஷணம்மாவை எந்த ஆபீஸ் கிளார்க்கோ
பதினோரு வருடமாக ஆம்பிளையாக வைத்திருக்கிறான்.
ஏழு கடிதம் போயிற்று. மூன்றுக்குப் பதில் வந்தது,
மூன்றும் திருவாளர் நாக் பூஷணுக்கு.

"இவரு உயிரோட இருக்காருன்னு ஒத்துக்கிட்டாங்க இல்ல,
இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்றேன்.
பையன் சிரித்தான்.
அவர் சிரிக்கவில்லை.
ஐம்பது ரூபாய்க்கு ரசீது கேட்டு வாங்கி
நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு,
"தம்பி, கோடு போடாத தாள்
ஒண்ணு கிடைக்குமா?"