குடோன்

செவ்வாய்ப்பேட்டை. தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள்.
வெள்ளச்சேத மனுவில் ஒரு கட்டம்:
கட்டடத்தின் வகை.
குடோன் என்று எழுதினேன். பேனாவை மூடவில்லை.

இங்கிலீஷ்தானே சார் அது, என்றார் மாதேசன்,
புளித்த ஜவ்வரிசியைக் காலால் ஒதுக்கிக்கொண்டே.

இங்கிலீஷ்தான்.
ஆனால் கிடங்காகக் கப்பலேறிப் போனதாம்.
மலாய்க்காரன் வாயில் குடாங் ஆகி
வெள்ளைக்காரன் பேரேட்டில் நுழைந்து
அடையாளம் தெரியாமல் ஊர் திரும்பியதாம்.
தெலுங்கிலிருந்து போனது என்பாரும் உண்டு.
வழக்கு இன்னும் தீரவில்லை.

பண்டகசாலை என்று எழுதலாம்,
அரசாங்க வாடை அடிக்கும்.
களஞ்சியத்துக்கு நெல் வேண்டும்.
மண்டி என்றால் விலை பேச ஆள் வேண்டும்.
கொட்டகை என்று போட்டால்
கம்பெனி பாதிதான் தரும்.

கிட. அதுதான் வேர்.
நானூறு மூட்டை கிடந்தது, விலை ஏறட்டுமென்று.

பழைய அகராதியில் கிடங்குக்கு
இன்னொரு பொருளும் இருக்கிறது மாதேசன்:
அகழி.
கோட்டையைச் சுற்றி நிற்கும் தண்ணீர்.

திருமணிமுத்தாறு அகராதி புரட்டியிருக்காது.
ஷட்டருக்கு அடியில் புகுந்து
இடுப்பளவு நின்றிருக்கிறது,
சுவரில் பழுப்புக் கோடு.

அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார்.
அகழின்னு போட்டா
கிளெய்ம் வருமா சார்?

கட்டத்தில் இடம் மிச்சமில்லை.