பதினாறாம் நிரல்

வெசாக் கூடுகளைக் கழற்றுமுன் தங்கச்சிக்குப் பதினாறு.
மட்டக்குளி மாடி வீட்டில் நாங்கள் நாலாம் மாடி,
லிஃப்ட் செத்து மூன்று வருஷம்.
கேக் படியேறி வந்தது, மாஜரீன் மணத்தோடு.
கீழ்வீட்டு ஃபௌசியா ராத்தா
"பதினாறும் பெற்று" என்று
எங்கட வாழ்த்தை எங்களுக்கே சொல்லிச் சிரித்தா.
அம்மா சிரிக்கவில்லை.
அவவின் கையில் படிவம்.

*பதினாறு வயது பூர்த்தி: ஆம் / இல்லை.*

ஆம் என்றால் பிள்ளை
ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்குப் போகும்.
பாடசாலை செல்பவர் என்ற பெட்டி வெறுமையாகும்,
உழைக்கத் தக்கவர் என்ற பெட்டியில் ஒரு புள்ளடி விழும்.
விழாமல் தடுக்க அதிபரின் கடிதம் வேண்டும்.
கடிதம் பிந்தினால் காசும் பிந்தும்.
பிந்திய காசு திரும்பி வந்ததை
எங்கட மாடியில் யாரும் கண்டதில்லை.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
தங்கச்சி கணக்குப் போட்டாள்:
தம்பியின் பால்மா,
கடைக் கொப்பியில் நிற்கிற கடன்,
அப்பாவின் இடுப்புக்குப் பூசுகிற தைலம்.
அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டுச் சொன்னாள்:
"நான் கார்மெண்ட்ஸுக்குப் போனா
இதைவிட ஏழு மடங்கு வரும்."
விடை சரிதான்.
அவள் கணக்கில் பிழை விடுவதில்லை.
யாரும் வாய் திறக்கவில்லை, ஃபேன் மட்டும்
ஒரு பக்கம் இழுத்து இழுத்துச் சுற்றியது.

எனக்குப் பதினாலு நடந்தபோது
சட்டமும் பதினாலோடு நின்றது.
நாலாம் குறுக்குத் தெருவில், பருப்பு மூட்டையோடு
அப்பாவின் இடுப்பு இறங்கிய வருஷம் அது.
திங்கட்கிழமை புத்தகப்பை.
செவ்வாய்க்கிழமை கைவண்டி.
வகுப்பாசிரியர் ஒருமுறை ஆளனுப்பினார்,
வந்த பொடியன் என்னைப் பார்த்துவிட்டு
இஞ்சித் துண்டு ஒன்று கடித்துக்கொண்டு போனான்.
பிறகுதான் சட்டம் இரண்டு வயது வளர்ந்தது.
வெங்காயம் சுற்றி வந்த பேப்பரில் வாசித்தேன்.
அதற்குள் நான்
ஐம்பது கிலோ சீனியை முழங்கால் மடியாமல்
எடுக்கப் பழகியிருந்தேன்.

பிரதேச செயலகத்தில் எண்பத்தேழாம் துண்டு.
பிறப்புச் சான்றில் ரிஷாங்கி,
பள்ளி இடாப்பில் ரிசாங்கி.
"இது ரெண்டு பிள்ளையா?" என்று மிஸ் கேட்டா.
"ரெண்டு பேருக்கும் காசு தருவீங்களா மிஸ்?"
தங்கச்சி சிங்களத்தில் கேட்க
வரிசையே சிரித்தது.
ஆனாலும் ஷவுக்கும் சவுக்கும் நடுவில்
என் ஒருநாள் கூலி போனது:
சத்தியக் கடதாசி, முத்திரை, போட்டோப் பிரதி.

மறுநாளும் வந்தோம்.
அதிபரின் கடிதத்தைக் கோப்பில் கோத்துவிட்டு
மிஸ்ஸின் பேனை என் வரிசைக்கு இறங்கியது.
"தொழில்?"
"நாட்டாமி."
சுயதொழில் என்று எழுதினா.
"பள்ளிக்கூடம் விட்ட வயசு?"
"பதினாலு."
பேனை நின்றது. நெற்றி சுருங்கியது.
என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்து
விரல்விட்டு வருஷம் எண்ணினா.
"ஆ. அப்ப சரி."

அப்ப சரி.
புறக்கோட்டையில் எந்த மூட்டைக்கும்
நான் இப்படிக் குனிந்ததில்லை.
அவவில் பிழையில்லை. கட்டம் நிரம்ப வேண்டும்,
எனக்குப் பின்னால் எண்பத்தெட்டு நிற்கிறது.

"தவணை முடிய மறுபடி கடிதம் கொண்டாங்க."
சரி மிஸ்.

பஸ்ஸில் சனம்.
கோப்பை என்னிடம் தந்துவிட்டு
இரசாயனக் கொப்பியை விரித்தாள்,
தொங்கிக்கொண்டே வாசிக்கிறாள்,
ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு மூலகம் தவறுகிறது.
கொண்டக்டர் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கேட்டான்,
"நங்கி, சீசன்?"
ஓரம் உரிந்த அட்டையை எடுத்து
அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்,
தேவைக்கு மேலே கொஞ்ச நேரம்.

நான் முழு டிக்கெட் எடுத்தேன்.
மீதி பத்து ரூபாய் இன்னும் வரவில்லை.