மூன்று லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து அறுநூறு

கட்டபெட்டு தாண்டி, கேரட் கழுவும் ஷெட்டுக்கு எதிரே
சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிற்கிறது.
வெள்ளை வேன். இரண்டாயிரத்துப் பதினொன்று மாடல்.
கேட்பது நாலு இருபது.

குறை பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.
பத்தொன்பது வருடமாக எனக்குச் சோறு போடுவது அது:
அடிபட்ட வண்டியைச் சுற்றிவந்து
இவ்வளவுதான் சேதம் என்று
இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தருவது.
குறை என்பது மற்றவர்களுக்குப் பெயர்ச்சொல்.
என் வாயில் ஏவல் வினை.

பக்கக் கதவு பெள்ளிராஜின் இரண்டாவது இழுப்புக்குத்தான் திறந்தது.
ஐயாயிரம் கழித்தேன்.
உள்ளே சில்வர் ஓக்கில் அவரே அடித்த கட்டில்,
ஒற்றை பர்னர் அடுப்பு,
கை கழுவ ஓட்டை போட்ட எவர்சில்வர் கிண்ணம்.
"சாமானுக்கே தொண்ணூறு ஆச்சுங்க மேடம்."
ஆர்.சி. புத்தகத்தில் இது இன்னும்
பன்னிரண்டு பேர் ஏறும் வேன்.
கட்டில் இருப்பது ஊட்டி ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியாது.
இருபத்தைந்து போயிற்று.
டயர் இரண்டு மொட்டை.
கூரை மூட்டில் மழை இறங்கிய தடம்,
ஆறிய டீயின் நிறத்தில்.

"எத்தனை தடவை வெளியூர் போனீங்க?"
"ஹம்பி ஒண்ணுதாங்க. போறப்ப நானும் வீட்டுக்காரியும் பேசிட்டே போனோம்.
வர்றப்ப ரேடியோ போட்டுக்கிட்டோம்."
இதற்கு எவ்வளவு கழிப்பது என்று
எந்த அட்டவணையிலும் இல்லை.

நோட்டில் மூன்று நாற்பது நின்றது.
சரியான விலை. யாரிடமும் சொல்லலாம்.

பிறகு அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து
அடியில் படுத்தேன்.
இடது முன்சக்கரத்துக்குப் பின்னால், சேஸிஸில்
முழங்கை நீளத்துக்கு ஒரு வெல்டிங்.
"அடிபட்டிருக்கே?"
"பதினாறுல. குஞ்சப்பனைக்கு மேல.
பஸ்ஸுக்கு நான் ஒதுங்கினேன். பாறை ஒதுங்கல."

எழுந்து முதுகைத் தட்டுவதற்குள்
பிளாஸ்டிக் கோப்போடு வந்துவிட்டார்.
எஸ்டிமேட் அறுபத்தோராயிரம்.
அனுமதித்தது பதினெட்டாயிரத்து நானூறு.
சேஸிஸ் நேராக்கல்: தேவையில்லை.
கீழே கையெழுத்து;
கடைசி எழுத்தின் வால்
கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது.
இப்போதும் அப்படித்தான் போடுகிறேன்.

"மிச்சத்தை வட்டிக்கு வாங்கி மேட்டுப்பாளையத்துல அடிச்சேங்க."
காகிதத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.
அப்போது என் தலை கறுப்பு,
மூக்கில் கண்ணாடியும் கிடையாது.
தெரிந்து சொன்னாரா என்று
இன்றுவரை தெரியவில்லை.

வெல்டிங் இருந்தால் நாற்பதாயிரம் இறக்கலாம்.
எல்லோரும் இறக்குவார்கள்.
ஒரே தழும்புக்கு
ஒரே ஆளிடம்
இரண்டாம் முறை.

மூடுபனி ஷெட்டை விழுங்கிக்கொண்டு ஏறி வந்தது.
சும்மா நிற்க முடியாமல்
உள்ளே போய்ப் பின்கண்ணாடியைத் துடைத்தேன்.
ஆரஞ்சு நிறத் தண்ணீர் வாய்க்கால்,
மூட்டை ஏற்றும் இருவர்,
அவர்களுக்குப் பின்னால் பாதி தேயிலைச் சரிவு.
ரப்பருக்குப் பாதி கழி, ஃபைபருக்கு முப்பது கழி,
இரும்புக்கு வயதைப் பார்த்துக் கழி.
கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் இல்லை என்பது
எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம்.

"மூன்று லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து அறுநூறு" என்றேன்.
"அதென்னங்க கணக்கு, அறுநூறு?"
"கண்ணாடிக்கு."
கொஞ்ச நேரம் கோப்பின் பட்டனை
அழுத்தித் திறந்து அழுத்தினார்.
"அறுநூறை நீங்களே வெச்சுக்குங்க. டேங்க்ல டீசல் இல்ல."

அரவேனு இறக்கத்தில் தெரிந்தது,
மூன்றாவது கியர் விழ மறுக்கிறது.
அவர் சொல்லவில்லை.
நானும் நோட்டை எடுக்கவில்லை.
இரண்டிலேயே இறங்கினேன்,
பின்னால் ஒரு லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.