பிடித்தம்

மயூர் விஹார், மூன்றாம் மாடி, மே மாதக் கடைசி.
நாற்பத்தாறு டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள்;
என் குளியலறைக் குழாய் அதை விடியும் முன்பே சொல்லிவிட்டது.
ஏசி ஓடுகிறது.
ஓடுகிறது என்பது ரிமோட்டின் வாதம்.
வருவதென்னவோ
சோறு இறக்கிய அடுப்பின் மூச்சு.

கணக்குத் தணிக்கை என் தொழில்.
பிறர் எழுதிய ரசீதை நம்பாமல் இருக்கவே
எனக்குச் சம்பளம்.
போன வருஷம் வந்தவன் குழாயைத் தட்டிப் பார்த்து
துக்கம் விசாரிக்கும் முகத்துடன்
"கேஸ் கதம், மேடம்" என்றான்.
மூவாயிரத்து இருநூறு.
எந்த ஓட்டை வழியாகப் போனது என்று கேட்டேன்.
காற்றுதானே, போகும் என்றான்.

ஆகவே இம்முறை நானே.

முன்மூடியைக் கழற்றினேன்.
வடிகட்டியில் ஒரு வருஷத்து டெல்லி
கம்பளியாகப் படிந்திருந்தது.
பழைய பல்துலக்கி, சோப்பு நுரை.
தண்ணீர் வடியும் குழாயில் வாய் வைத்து ஊதியதில்
கீழ்வீட்டு அவஸ்தி அம்மாளின் கொடித் துணிமேல்
கறுப்பாய் ஏதோ தெறித்தது.
அதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

காற்று கூடியது. குளிர் வரவில்லை.
எட்டிப் பார்த்தேன்:
வெளிப்பெட்டி உறுமுகிறது, விசிறி நிற்கிறது.
ஒட்டடைக் கம்பால் ஒரு தள்ளு தள்ளினேன்.
சுற்றத் தொடங்கியது,
முதுகில் தட்டினால் மட்டும் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை மாதிரி.
கெபாசிட்டர்.

பகீரத் பேலஸில் முன்னூற்றுப் பத்து ரூபாய்.
"கரண்ட்டை நிறுத்திய பிறகும்
உள்ளே கொஞ்சம் வைத்திருக்கும், ஜாக்கிரதை"
என்றார் கடைக்காரர்.
என் அக்காவும் அப்படித்தான்.

மெயினை அணைத்து, ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகி
ஜன்னலில் ஏறி ஒரு காலை வெளியே வைத்தேன்.
ஒரு முழ அகலச் சிமெண்ட்.
துருப்பிடித்த இரண்டு கோணங்களின் மேல்
ஒன்றரை டன் என்று எழுதிய பெட்டி.
கீழே இஸ்திரிக்காரர் நிமிர்ந்தார்.
யாருடைய சட்டையோ, ஒரு கை தேய்த்து
மறு கை சுருங்கி, அப்படியே நின்றது.
காலை உள்ளே எடுத்தேன்.
அவர் மறு கையைத் தேய்த்தார்.

நாலு மணிக்குத் தில்ஷாத் வந்தார்.
"கேஸ்…" என்று தொடங்கியவர்
என் உள்ளங்கையிலிருந்த குப்பியைப் பார்த்து நிறுத்தினார்.
"பாதி மிஸ்திரி நீங்களே."
செருப்பைக் கழற்றினார்.
பக்கத்து அறைக்குப் போவதுபோல
ஜன்னலுக்கு வெளியே போனார்.

கயிறு? என்றேன்.
"கம்பெனி பனியன் தரும். கயிறு தராது.
பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

பிடித்தேன்.
இரண்டு கையாலும்.
முன்பின் தெரியாத ஒருவரின் இடுப்பு.
வியர்வையில் ஊறிய வார்; அதில் கடைசி ஓட்டை
ஆணியால் அவரே போட்டது.
ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரு முனைகளைத் தொட்டார்.
டப்.
நீலமாய் ஒரு பொறி.
நான் குலுங்கினேன். அவர் குலுங்கவில்லை.
"விட்டுடாதீங்க" என்றார் ஹிந்தியில்,
வாயில் கவ்விய திருகாணிகளுக்கு நடுவே, நிதானமாக.

பதினோரு நிமிஷம்.
விசிறி தானாகச் சுற்றியது.

வந்து பார்க்க ஐந்நூறு, சாமான் என்னுடையது.
எங்கள் படிவத்தில் பிடித்தம் என்று ஒரு கட்டம் உண்டு.
கொடுக்க வேண்டியதில் கழித்துக்கொள்வது.
பாதி வேலை நான் செய்தேனே என்று
காலையில் கேட்டிருப்பேன்.
எண்ணூறு நீட்டினேன்.
முன்னூறை மேஜைமேல் திருப்பி வைத்தார்.
"கயிறு வாங்க" என்றேன்.
"வாங்கி எதில் கட்டுவது, மேடம்?"
என்று ஜன்னலைக் காட்டினார்.
கம்பி இல்லை. வளையம் இல்லை.
ஏழு வருஷமாக என் ஜன்னல் அது.

இருபத்து நாலில் போர்த்திப் படுத்திருக்கிறேன்.
விரல்கள் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.
சுவரில் ஒரு இரும்பு வளையம் பதிக்க வேண்டும்,
ஒரு மனிதனைத் தாங்குகிற அளவுக்கு.
டிரில் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும்.
அதை நானே அடிக்கலாமா,
ஆள் கூப்பிடலாமா?