இணைப்பெயர்

டனேயாவை இருட்டிலும் கண்டுபிடிக்கலாம்,
காம்பைத் தடவினால் போதும்.
பச்சைக் காம்பின் நடுவே
விரல்மூட்டு புடைத்ததுபோல் ஒரு கணு.
சிலவற்றில் இரண்டு, மூன்று,
சிலவற்றில் கணுவே இல்லை.
அங்கேதான் தொடங்கும் எங்கள் தொல்லை.

எக்வடோரின் வடமேற்கில், கயாபாஸ் ஆற்றுச் சரிவில்,
இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்,
ஒரு கணு, ஒரே இலை,
உள்ளங்கை அகலம், மீன்வால் நுனி.
யாரும் எழுதாத பெரணி என்று
செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி
கீட்டோவுக்குக் கொண்டுபோனேன்.

வித்திலை கிடைக்கவில்லை.
இந்தப் பேரினம் அதைச் சில வாரமே நிமிர்த்தும்:
மற்ற இலைகளைவிட ஒல்லியாக, உயரமாக,
அடிப்பக்கம் முழுக்க வித்துறைகள்
தேனடை அறைகளாய்ப் புதைந்திருக்க.
துளை திறந்து தூள் கொட்டியதும்
கறுத்து மடங்கிவிடும்.
அதுவரை காட்டில் தங்க என்னிடம் பணமில்லை.
உண்மையைச் சொன்னால், பொறுமையில்லை.

லத்தீனில் பன்னிரண்டு வரி எழுதினேன்.
படகோட்டி எலெயுதேரியோ அயோவியின் பெயரோடு
ஆறாம் வேற்றுமை உருபைச் சேர்த்தேன்:
அயோவியினுடையது.
அருவிக்குக் கீழே படகு சுழன்றபோது
என்னை விட்டுவிட்டு
தாள்கட்டை முதலில் பிடித்தவர் அவர்.

அச்சான பக்கத்தை நெகிழியில் சுற்றி
மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.
போர்போன் துறையில் வாழைக்குலை ஏற்றுபவர்களிடம் காட்டுவாராம்:
"காட்டில் எனக்கு ஒரு செடி இருக்கு.
வரி கிடையாது, வேலி கிடையாது."

இந்த மார்ச் மழையில்
அதே சரிவு இடிந்தது.
மண் கழுவிப்போன வேர்த்தண்டு ஒன்று
முழு நீளத்துக்கும் வெளியே கிடந்தது.
பின்கோடியில் என் ஒற்றை இலை,
பழுத்தும் உதிராமல்.
அடுத்தது மூன்றாய்ப் பிரிந்திருந்தது.
அதற்கடுத்தது ஐந்து.
முன்கோடியில் பதினைந்து சிற்றிலையோடு
இடுப்புயரம் நின்றது
எல்லா அலமாரியிலும் இருக்கிற
பழைய, சாதாரணச் சிற்றினம்.
பக்கத்தில், நான் அன்று காத்திருக்காத
வித்திலை.
கணுக்களை எண்ணினேன்: ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று.
மறுபடி எண்ணினேன்.

பால்பல்லைப் பார்த்து
புது மிருகம் என்று எழுதியிருக்கிறேன்.

திருத்தக் கட்டுரை நாலே பக்கம்.
சேமிப்பகத்தில் என் மூலத்தாளை எடுத்து
மூலையில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டினேன்,
மூத்த பெயர், என் கையெழுத்து, தேதி.
பசை காயும்வரை விரலை எடுக்கவில்லை.

கடிதம் போட்டிருக்கலாம்.
பேருந்தில் ஒரு இரவு, பிறகு ஆறு.
அவர் படகைக் கவிழ்த்துப் போட்டு
அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார்.
சொன்னேன்.
தூரிகை நிற்கவில்லை.

"அப்போ என் பெயரை அழிச்சாச்சா?"

"அழிக்க விதியில்லை.
மூத்த பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.
இந்தப் பேரினத்தில் வேறு எந்தச் செடிக்கும்
அதை இனிமேல் வைக்க முடியாது.
யாராலும்."

"செடி இல்லாம, பெயர் மட்டும்."

"ஆமாம்."

"இன்னொருத்தர் வீட்டில் எனக்கு நாற்காலி.
நானும் உட்காரக் கூடாது,
வேற ஆளும் உட்காரக் கூடாது."

நான் பேசவில்லை.
கரையில் குழந்தைகள் நண்டைக் கயிற்றில் கட்டி
ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.
நெகிழிச் சுருளை எடுத்தார், பிரித்துப் பார்த்தார்,
திரும்பச் சுற்றி அதே இடத்தில் வைத்தார்.
தார் காய மூன்று மணி நேரம் ஆகும் என்றார்.

மாலையில் என்னைத் துறையில் இறக்கிவிட்டு
முழுக் கட்டணம் வாங்கினார்.
இத்தனை வருடத்தில்
அதுதான் முதல் தடவை.
சில்லறையையும்
எண்ணிக் கொடுத்தார்.