ஆக்கும்

குருந்துவத்தையில் பழைய பங்களா ஒன்றின் பின்வளவில்
இலக்கிய விழாவின் மூன்றாம் நாள்.
எனக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி தந்திருக்கிறார்கள்.
இரண்டு கதிரை வைக்கலாம், ஒரு காற்றாடி வைக்க முடியாது.
சுழன்றால் அதையும் மொழிபெயர்க்க வேண்டி வரும் என்கிறான்
ஒலிக்காரன் துஷார.

தேத்தண்ணி எடுக்கப் போனபோது வாசல் மேசையைக் கண்டேன்.
அடையாள அட்டையைக் கொடுத்தால் ஒரு ஹெட்செட்.
வந்தவர்கள் கார்ச் சாவியைத் தேடியபடியே
அட்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள்.
நீலச் சேலைக்காரி ஒருத்தி மட்டும்
நீட்டி, பின் இழுத்துக்கொண்டு,
"போட்டோக்கொப்பி தந்தால் காணாதோ?" என்றாள்.
மேசைப் பிள்ளைக்குத் தமிழ் விளங்கவில்லை.
வெறுங்காதோடு போய்
கடைசி வரிசையில் இருந்தாள்.

காலையிலிருந்து நான்
சமையல் புத்தகக்காரர் ஒருவரின் கறுவாவை,
லண்டனிலிருந்து வந்தவரின் மூன்று விவாகரத்துகளை,
ஓய்வுபெற்ற நீதிபதியின் பகிடியை
ஒரு மொழியிலிருந்து எடுத்து மற்றதில் வைத்தேன்.
பகிடிக்குச் சிரிப்பு வந்தது,
அரை நிமிடம் பிந்தி.
தமிழ் அலைவரிசையில் மொத்தம் நாலு பேர்.
அதில் ஒருவர் நித்திரை.

இரண்டரைக்குச் சிவமலர்.
சாப்பாட்டுக்குப் பிறகு,
பெரிய மண்டபத்தில் கிரிக்கெட்காரர் ஒருவர்
தன் சுயசரிதையில் கையெழுத்துப் போடும் அதே நேரம்.
பெயர்ப்பலகையில் 'சிவமல' என்று இருந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நெறியாளரிடம் பேனையை வாங்கி
ஒரு ர் போட்டுவிட்டு இருந்தாள்.

இப்போது நான் ஆங்கிலத்துக்கு.
நாற்பத்தேழு ஹெட்செட்.

கதையில் ஒரு தாய் உலை வைக்கிறாள்,
ஒரு சுண்டு அரிசி கூடப் போடுகிறாள்.
பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள்:
"பதினைஞ்சு வருசமாச்சு, இன்னும் ஆருக்கு?"
தாய் அகப்பையைத் திருப்பியபடி சொல்கிறாள்:
"எங்கயோ இருப்பானாக்கும்."

வாயைத் திறந்தேன்.
'இருக்கலாம்' வந்தது. அது சந்தேகப்படுகிறவரின் சொல்.
'இருக்கத்தான் வேண்டும்' வந்தது. அது வழக்கறிஞரின் சொல்.
'என்று நினைக்கிறேன்' வந்தது.
அவள் நினைப்பதை எப்பவோ விட்டுவிட்டாள்.

ஆக்கும்.
நூறாம் நம்பர் பஸ் போயிருக்குமாக்கும்.
பின்னேரம் மழை வருமாக்கும்.
கறிக்கு உப்புக் காணுமாக்கும்.
வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காய்க் காம்போடு
நாள்முழுக்கக் காலுக்குள் மிதிபடுகிற சொல்.
அதைப் பொறுக்கி எடுத்துத்தான்
அவள் பிள்ளையைக் கட்டி வைத்திருக்கிறாள்.

ஒரு விநாடி.
மூன்று.
துஷார என்னைப் பார்த்தான்.
குமிழைத் திருப்பினான், இன்னொன்றைத் திருப்பினான்.
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
நாற்பத்தேழு பேரின் காதில்
என் மூச்சு.

அப்போது கடைசி வரிசையிலிருந்து,
கூட்டத்துக்கு அல்ல, யாருக்குமே அல்ல,
நீலச் சேலைக்காரி சொன்னாள்:
"ஓமாக்கும்."

சிவமலர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.
வரியைத் தேடினாள், விரலால் பிடித்துக்கொண்டாள்.
முன்வரிசையில் யாரும் திரும்பவில்லை,
ஹெட்செட் போட்டிருந்தார்கள்.

என் ஒப்பந்தத்தில்
மேடையில் பேசுவதை மட்டும் மொழிபெயர்க்கலாம்.
அடுத்த வசனத்துக்குத் தாவினேன்:
சோறு பொங்கியது, தாய் அடுப்பைத் தணித்தாள்.
இலகுவான வசனம்.
சோறு எல்லா மொழியிலும் பொங்கும்.

முடிந்தபின் வாசல் மேசையில் வரிசை.
ஹெட்செட்டைக் கொடுத்து அட்டையை வாங்கினார்கள்.
முத்துமாலை போட்ட ஒரு அம்மையார்
மிகவும் பணிவாக, ஆங்கிலத்தில்,
நடுவில் கொஞ்ச நேரம் சத்தம் நின்றுவிட்டது என்றார்.

துஷார மன்னிப்புக் கேட்டான்.
மூடியைத் திறந்து
நல்ல பற்றரியை எடுத்துவிட்டு
இன்னொரு நல்ல பற்றரியைப் போட்டான்.